காரணம் கேட்கும் உரிமை: செயற்கை நுண்ணறிவும் அரசமைப்புச் சட்டமும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ ஏறி உப்பங்கழியைத் தாண்டினால் ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கலாம். கேரள உயர் நீதிமன்றம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 19 அன்று அந்த நீதிமன்றம் தன் ஆளுகையில் உள்ள மாவட்ட நீதிமன்றங்கள் அனைத்துக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி ஒரு கொள்கையை வகுத்து அனுப்பியது. இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றம் இப்படி ஒன்றை வெளியிட்டது அதுவே முதல் முறை. அதன் நடுநாயகமான விதி இது: எந்தச் சூழ்நிலையிலும் இந்தக் கருவிகளைக் கொண்டு ஒரு முடிவுக்கோ, நிவாரணத்துக்கோ, உத்தரவுக்கோ, தீர்ப்புக்கோ வரக்கூடாது. தீர்ப்பின் பொறுப்பு முழுக்க நீதிபதியுடையது.

கொச்சித் தாலுக்காவின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நிற்கும் ஒருவருக்கு இந்த விதி ஒரு காப்பு. அதே மனிதர் மறுநாள் ரேஷன் கடைக்குப் போகிறார், சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறார், உணவு விநியோகச் செயலியில் வேலைக்குக் காத்திருக்கிறார். அங்கெல்லாம் அவரைப் பற்றி முடிவெடுப்பது கணினியாக இருந்தால் எந்த விதி அவரைக் காக்கும்? செயற்கை நுண்ணறிவும் அரசமைப்புச் சட்டமும் சந்திக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் இந்த விவாதம் பெரும்பாலும் அந்தரங்க உரிமையைச் சுற்றியே நடந்துவருகிறது. அது முக்கியமானதுதான். ஆனால் என் பார்வையில் அதைவிட ஆழமாக அடிபடுவது வேறோர் உரிமை. என்னைப் பற்றி முடிவெடுத்தவர் யார், ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை அது.

இந்த உரிமை அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இந்தச் சொற்களில் எழுதப்படவில்லை. வழக்குகளின் வழியாக மெல்ல மெல்ல வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா தன் இடமாற்றத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், வழக்கில் தோற்றார். ஆனால் 1973 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதி பகவதி, சமத்துவமும் தன்னிச்சையும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்தை வைத்தார். அதுவரை பிரிவு 14-ஐ, ஒத்தவர்களை ஒரே மாதிரி நடத்து என்று மட்டுமே படித்துவந்தார்கள். அதற்குப் பிறகு, காரணமின்றி நடந்துகொள்ளாதே என்றும் படிக்கத் தொடங்கினார்கள். 1978-ல் மேனகா காந்தி வழக்கு அதைப் பிரிவு 21-உடன் இணைத்தது. உயிரையும் சுதந்திரத்தையும் தொடும் நடைமுறை எதுவானாலும் அது நியாயமானதாக, நேர்மையானதாக இருக்க வேண்டும்.

அதே காலத்தில் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு கருத்தை இன்றைய நிலையில் மறுபடி படிக்க வேண்டும். ஓர் உத்தரவு, அது பிறப்பிக்கப்பட்டபோது அதில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும். வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது.

இயந்திரக் கற்றல் முறையில் இயங்கும் ஒரு மென்பொருள் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பழைய பதிவுகள் லட்சக்கணக்கில் அதற்கு ஊட்டப்படுகின்றன. அவற்றிலுள்ள தொடர்புகளை அது எண்களாக உள்வாங்கிக்கொள்கிறது. புதிதாக ஒருவருடைய விவரம் வரும்போது, இவர் மோசடிக்காரராக இருக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு மதிப்பெண் தருகிறது. அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருப்பவை எண்கள். சொற்களில் அமைந்த காரணம் எதுவும் அங்கே இல்லை. சாட்ஜிபிடி போலப் பேசும் மாதிரிகளிடம் காரணம் கேட்டால் சரளமாகச் சொல்லும். ஆனால் அது அந்த நேரத்தில் எழுதப்படும் விளக்கம். முடிவு உண்மையில் எப்படிப் பிறந்தது என்பதன் பதிவாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. நம் அரசமைப்புச் சட்டம் பிந்தி வந்த காரணத்தை ஏற்பதில்லை. இந்த மென்பொருளால் பிந்தி வந்த காரணத்தை மட்டுமே தர முடிகிறது. இங்குள்ள முரண்பாடு அடிப்படையானது. கணினியின் வேகம் கூடினாலோ துல்லியம் கூடினாலோ இது தீராது.

கேரள உயர் நீதிமன்றத்தின் கொள்கை இந்த முரண்பாட்டை உணர்ந்து எழுதப்பட்டது என்பது அதைப் படித்தால் தெரியும். ஒப்புதல் பெற்ற கருவிகளை மட்டுமே பயன்படுத்தலாம். சாட்ஜிபிடி போல மேகக்கணினியில் இயங்கும் பொதுக் கருவிகளில் வழக்கு விவரங்களை ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும். கட்சிக்காரர்களின் ரகசியம் அதில் போய்விடும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எந்தக் கருவி எதற்காகப் பயன்பட்டது, அதை மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்று ஒவ்வொரு முறையும் குறித்துவைக்க வேண்டும். நீதிபதிகளோடு ஊழியர்கள், பயிற்சி மாணவர்கள், சட்ட எழுத்தர்கள் வரை எல்லோரையும் இது கட்டுப்படுத்தும். சொந்த லேப்டாப்பில் செய்தாலும் விதி விதிதான். மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

இந்த நீதிமன்றத்துக்குத் தொழில்நுட்பத்தின் மேல் வெறுப்பு இருப்பதாக யாரும் சொல்ல முடியாது. கொல்லத்தில் 2024 நவம்பர் முதல் செக் வழக்குகளுக்காக இருபத்துநான்கு மணி நேர இணைய நீதிமன்றம் இயங்குகிறது. 2025 நவம்பர் 1 முதல் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியங்களைப் பதிவு செய்ய அதாலத் ஏஐ என்ற பேச்சை எழுத்தாக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டிருக்கிறார்கள். சாட்சி பேசப்பேச நீதிபதி கையால் எழுதி விசாரணை நாள்கணக்கில் இழுபட்ட நிலைக்கு இது நல்ல மாற்று. எழுத்தர் வேலையைக் கருவிக்குக் கொடுக்கலாம், தீர்ப்பு வேலையைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். சரியான கோடு.

குறைகளும் உண்டு. கொள்கை மாவட்ட நீதித்துறைக்கு மட்டுமே பொருந்துகிறது. கீழமை நீதிமன்றங்களின் மேல் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள கட்டுப்பாடு பிரிவு 235-லிருந்து வருவது, ஆகவே அது கீழ்நோக்கிப் போகிறது. உயர் நீதிமன்ற நீதிபதி தன் அறையில் என்ன கருவி வைத்திருக்கலாம் என்று இது சொல்லவில்லை. பயன்பாட்டைக் குறித்துவைக்கச் சொல்கிறது. அந்தக் குறிப்பைப் பார்க்கும் உரிமையைக் கட்சிக்காரருக்குத் தரவில்லை. என் வழக்கில் சாட்சியத்தைச் சுருக்கியது எந்தக் கருவி என்று வழக்காடுபவர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இப்படியொரு கோட்டுக்கு அவசியம் இருந்தது என்பதை மற்ற நீதிமன்றங்களின் அனுபவம் காட்டுகிறது. 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஜாமீன் மனு ஒன்றில் சாட்ஜிபிடியிடம் பொதுவான கேள்வி கேட்டு, அதன் பதிலை உத்தரவிலேயே சேர்த்தார். வழக்கின் தன்மை பற்றி இதை ஒரு கருத்தாகக் கொள்ளக் கூடாது என்றும் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், இத்தகைய கருவியின் பதிலை வைத்துச் சட்டப் பிரச்சினையையோ உண்மைகளையோ தீர்மானிக்க முடியாது என்றது. நியூயார்க்கில், சாட்ஜிபிடி புனைந்துகொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு அபராதம் விழுந்ததும் 2023-ல்தான். வழக்கறிஞர் தவறு செய்தால் எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும். அரசு அதிகாரி செய்தால்? 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வருமான வரி உத்தரவை ரத்து செய்தது. அதிகாரியும் வரி கட்டுபவரும் நேரில் சந்திக்காத முகமற்ற மதிப்பீட்டு முறையில் வந்த அந்த உத்தரவு மூன்று தீர்ப்புகளை நம்பியிருந்தது. மூன்றுமே எங்கும் இல்லாதவை. வரி கட்டும் நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வைத்து மும்பை வரை போராட வசதி இருந்தது. முதியோர் ஓய்வூதியம் நின்றுபோன ஒரு கிழவிக்கு அது இல்லை. நீதிமன்றக் கதவைத் தாண்டி வெளியே வந்து பார்க்க வேண்டியது இதனால்தான்.

நீதிமன்றப் பணிகளுக்கு வெளியே, அரசின் தரவுத் தொழில்நுட்பமும் அரசமைப்புச் சட்டமும் கேரளத்தில் சந்தித்த பெரிய நிகழ்வு ஸ்பிரிங்க்ளர் வழக்கு. 2020 ஏப்ரல், கொரோனாவின் முதல் அலை. தனிமைப்படுத்தப்பட்டவர்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டிப் பகுத்தாராய அமெரிக்கத் தரவு நிறுவனமான ஸ்பிரிங்க்ளருடன் மாநில அரசு ஒப்பந்தம் செய்திருந்தது. சட்டத் துறையைக் கலந்தாலோசிக்காமல் தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலரே முடிவெடுத்திருந்தார். தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரனும் டி.ஆர். ரவியும் ஏப்ரல் 24 அன்று இடைக்கால உத்தரவு போட்டார்கள். ஒப்பந்தத்தை நிறுத்தவில்லை, தொற்றின் நடுவே அது மக்களைப் பாதிக்கும் என்று கருதினார்கள். ஆனால் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிய பிறகே தரவு அந்த நிறுவனத்தின் கைக்குப் போகலாம், வேறொரு நிறுவனம் தங்கள் விவரங்களைப் பார்க்கும் என்று மக்களிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். காசர்கோட்டின் எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதியின் வழக்கில் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஓர் ஏப்ரல் 24-ல்தான், 1973-ல். தேதிப் பொருத்தம் தற்செயலானது. கேரளம் நாட்டுக்குக் கொடுத்த அரசமைப்பு வழக்குகளின் வரிசையில் இந்தச் சிறிய இடைக்கால உத்தரவுக்கும் இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்க்ளர் உத்தரவு நிற்பது 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் தந்த புட்டசாமி தீர்ப்பின் மேல். அந்தரங்கத்தில் அரசு நுழைய வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், முறையான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவே நுழைய வேண்டும் என்று அது சொன்னது. அதன் விளைவாக வந்த 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கு விரிவான விலக்கு கொடுத்திருக்கிறது. தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட முடிவை மறுத்து, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கோரும் உரிமை ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. நம் சட்டத்தில் இல்லை. தரவைக் காப்பது பற்றி நாம் சட்டம் எழுதிவிட்டோம். தரவைக் கொண்டு எடுக்கப்படும் முடிவைப் பற்றி எழுதவில்லை.

முடிவைப் பற்றி யோசிக்க வைத்தது கேரளத்தின் கேமராக்கள். சேஃப் கேரளா திட்டத்தில் சுமார் 232 கோடி ரூபாய் செலவில் 726 கேமராக்கள் 2023 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டன. ஹெல்மெட் இல்லாதவர், சீட் பெல்ட் போடாதவர், ஸ்கூட்டரில் மூவராகப் போகிறவர் என்று பிடிக்கும். ஜூன் 5 முதல் அபராதம் வந்தது. சட்ட அடித்தளம் இதற்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 136ஏ பிரிவும், 2021-ன் 167ஏ விதியும் இருக்கின்றன. கேமரா இருப்பதாகப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது விதி. கேமரா எடுத்த படத்தைக் கட்டுப்பாட்டு அறையில் மனிதர்கள் பார்த்து உறுதி செய்த பிறகே நோட்டீஸ் போகிறது. அந்த வகையில் நாட்டின் பல திட்டங்களைவிட இது மேல்.

ஆனால் தொடங்கியவுடன் எழுந்த கேள்வி ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அப்பா, அம்மா, நடுவில் சிறு பிள்ளை என்று ஸ்கூட்டரில் போகும் குடும்பங்களை என்ன செய்வது? சட்டப்படி அது மூவர் சவாரி. கார் வாங்க வசதி இல்லாத வீடுகளின் பயணமே அதுதான். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அபராதம் இல்லை என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். தெருவில் நிற்கும் போலீஸ்காரர் இத்தனை காலம் பார்த்தும் பாராமல் விட்டது இந்தக் குடும்பங்களைத்தான். எழுதப்பட்ட சட்டத்துக்கும் வாழும் சட்டத்துக்கும் நடுவே மனிதரின் விவேகம் இருந்தது. அதில் இரக்கமும் இருந்தது, லஞ்சமும் இருந்தது. கேமரா இரண்டையும் சேர்த்து அகற்றியது. லஞ்சம் போனது நன்று. விவேகத்தை எங்கே வைப்பது என்பதை அமைச்சர் வெளிப்படையாக அறிவித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தச் செய்ய வேண்டி வந்தது. அரசமைப்பு முறையில் இதுவே சரியான வழி. மென்பொருளின் அமைப்புக்குள் யாருக்கும் தெரியாமல் அந்த விலக்கு எழுதப்பட்டிருந்தால் அது சரியாகியிருக்காது.

கேமராப் படம் வண்டியின் உரிமையாளருக்குப் போகும். ஓட்டியவர் வேறாக இருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருந்தவரின் முகமும் போகிறது. 2023-ல் அப்படிப் போன ஒரு படத்தால் ஒரு குடும்பத்தில் தகராறு மூண்டு போலீஸ் வரை போனது செய்தியானது. ஹெல்மெட் போடாததற்கான தண்டனையில் இது அடங்காது. கேமராக்களைப் பற்றி உயர் நீதிமன்றத்தில் நடந்த பெரிய வழக்கோ டெண்டர் முறைகேடு பற்றியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் தொடுத்த அது 2025-ல் தள்ளுபடியானது. பணத்தைப் பற்றிக் கேட்டோம். படத்தில் உள்ளவரின் உரிமையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை.

கேமராவின் அபராதம் சில நூறு ரூபாய். தெலங்கானாவில் போனது சோறு. அந்த மாநிலம் சமக்ர வேதிகா என்ற மென்பொருளை உருவாக்கியது. வண்டிப் பதிவு, சொத்து, மின் இணைப்பு, வரி எனப் பல துறைகளின் பதிவுகளைப் பெயரையும் முகவரியையும் வைத்து ஒன்றோடொன்று பொருத்தி, இந்தக் குடும்பம் வசதியானது என்று அது கண்டால் ரேஷன் அட்டைக்குத் தகுதியற்றது என்று குறிக்கும். சில ஆண்டுகளில் 18 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகள் ரத்தாயின. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. ஹைதராபாத்தில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரின் குடும்பத்துக்குக் கார் இருப்பதாகக் கணினி முடிவு செய்தது. ஏறக்குறைய அதே பெயர் கொண்ட வேறொருவரின் கார் அது. நம் நாட்டுப் பெயர்களை அறிந்தவர் யாருக்கும் இந்தப் பிழை எவ்வளவு எளிதாக நேரும் என்று புரியும். மதுரையில் எத்தனை முருகன், மட்டாஞ்சேரியில் எத்தனை அலி? 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது. கணினி செய்ததை மனிதர்கள் வீடுவீடாகப் போய்த் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைக்காமல் போன அரிசியை எந்த உத்தரவும் திருப்பித் தராது. ஹரியானாவில் குடும்ப அடையாளத் தரவுத்தளம் உயிரோடிருந்த முதியவர்களை இறந்தவர்கள் என்று குறித்து ஓய்வூதியத்தை நிறுத்தியதும் இதே இனம்.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைப்பதற்கில்லை. நெதர்லாந்தில் மோசடிக்காரர்களைக் கண்டுபிடிக்க ஏழைப் பேட்டைகளில் பயன்படுத்திய சிரி என்ற முறையை 2020 பிப்ரவரி 5-ல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தியது. எப்படி முடிவெடுக்கிறது என்று சரிபார்க்க முடியாத முறை மனித உரிமைக்கு ஒவ்வாது என்றது. குழந்தைநல உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோரைத் தவறாக மோசடிக்காரர்களாக்கிய விவகாரத்தில் அந்நாட்டு அமைச்சரவையே 2021 ஜனவரியில் பதவி விலகியது. ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் திட்டம், ஆண்டு வருமானத்தை இருவாரங்களுக்குச் சராசரி போட்டுப் பிரித்து ஏழைகளை அரசுக்குக் கடனாளிகளாக்கியது. அரசு விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அதைக் கடுமையாகக் கண்டித்தது. இதில் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லத்தக்க எதுவுமே கிடையாது, வெறும் வகுத்தல் கணக்கு. ஆகவே எந்தத் தொழில்நுட்பம் என்பதில் அதிகம் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் கேட்டபோது பதில் சொல்ல மனிதர் இருந்தாரா என்பதே எல்லா இடத்திலும் உரைகல்.

பதில் சொல்லாமலிருக்க ஒரு வசதியான காரணம் உண்டு: அது நிறுவனத்தின் வணிக ரகசியம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2016-ல் லூமிஸ் வழக்கில் இதுவே நடந்தது. குற்றவாளி மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் காம்பஸ் என்ற மென்பொருளின் மதிப்பெண்ணையும் பார்த்து நீதிபதி தண்டனை விதித்தார். மதிப்பெண் எப்படி வந்தது என்று தண்டனை பெற்றவர் கேட்டார். சொல்ல வேண்டியதில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். மதிப்பெண்ணை மட்டுமே நம்பக்கூடாது என்று எச்சரிக்கை சேர்த்ததோடு சரி.

இந்தியாவில் இந்தக் கேள்வி எழுந்தால் பதில் வேறாக இருக்க வேண்டும். அதற்கான விதையும் கேரள வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது என்பது என் வாதம். மீடியாஒன் மலையாளச் செய்தித் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க 2022-ல் மத்திய அரசு மறுத்தது. காரணம் தேசப் பாதுகாப்பு; விவரம் சீலிட்ட உறையில் நீதிபதிகளுக்கு மட்டும். கேரள உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதியும் பிறகு இருவர் அமர்வும் உறையைப் பார்த்து அரசு சொன்னது சரி என்றார்கள். 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தனக்கு எதிரான காரணம் என்னவென்றே தெரியாதவர் எப்படி வாதாடுவார்? தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் இயற்கை நீதி காணாமல் போய்விடாது. மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அரசு அதை நிரூபிக்க வேண்டும், மறைப்பது தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

தேசப் பாதுகாப்பே இந்தச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றால், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வணிக ரகசியம் எம்மாத்திரம்? திறக்க முடியாத மென்பொருளை வைத்து ஒருவரின் அட்டையை ரத்து செய்யும் அரசு, சீலிட்ட உறையைக் காட்டி உரிமத்தை ரத்து செய்த அரசைவிட மோசமான நிலையில் நிற்கிறது. உறையை நீதிபதியாவது பிரித்துப் படிக்க முடிந்தது. மீடியாஒன் தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திர வழக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். வழக்கறிஞர்கள் அதைக் கணினி முடிவுகளுக்கு எதிரான வழக்குகளில் எடுத்து வைக்க வேண்டும்.

அரசு அல்லாத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது: யாருக்கு வேலை என்று தனியார் முடிவு செய்யும் இடம். மட்டாஞ்சேரி அதை மறந்திருக்க முடியாது. கொச்சித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் அன்றாட வேலை கிடைக்க சாப்பா என்ற உலோக வில்லை வேண்டும். வேலை தேடிக் கூடும் கூட்டத்தை நோக்கி மூப்பன் வில்லைகளை வீசி எறிவான். முண்டியடித்து, அடித்துக்கொண்டு பொறுக்கியவருக்கு அன்று வேலை. பொறுக்காதவர் வீட்டில் அடுப்பு எரியாது. யாருக்கு, ஏன் என்ற கேள்விக்கு அந்த முறையில் இடமே இல்லை. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டணி என்ற தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கிய துறமுகம் என்ற மலையாளப் படம் பேசுவது இந்தக் கதையைத்தான். துறைமுக வேலையை யாருக்கு எப்படிப் பகிர்வது என்பதற்குப் பதிவேடும் முறையும் சட்டமும் பிறகு வந்தன.

இன்று உணவு விநியோகச் செயலியில் அடுத்த ஆர்டர் யாருக்கு என்பதை ஓர் அல்காரிதம் தீர்மானிக்கிறது. கணக்கு முடக்கப்பட்டால் காரணம் கேட்கக் கதவு இல்லை. அரட்டைப் பெட்டியில் பதில் சொல்வதும் இயந்திரமே. அரசுக்கு எதிராகக் கேட்கும் உரிமையைத் தனியார் நிறுவனத்திடம் கேட்க முடியுமா? 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வின் பெரும்பான்மை, பிரிவு 19, 21-ன் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது. அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பது இனிதான் தெரியும். சட்டசபை நேராகச் செய்வதே விரைவான வழி. கர்நாடகத்தின் 2025-ம் ஆண்டுச் சட்டம், வேலையைப் பாதிக்கும் தானியங்கி முறைகளைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், பணியிலிருந்து நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்கிறது. தமிழ்நாடு இவர்களுக்கு நலவாரியம் அமைத்திருக்கிறது. காரணம் கேட்கும் உரிமையை இன்னும் தரவில்லை.

எதிர்வாதத்தை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நாட்டில் நிலுவையில் உள்ள வழக்குகள் 5 கோடியைத் தாண்டிவிட்டன. மனித நீதிபதிக்கும் சாதி உண்டு, மதம் உண்டு, மாலையில் களைப்பு உண்டு. தாலுகா அலுவலக எழுத்தர் வாங்கும் லஞ்சத்தைக் கணினி வாங்காது. உண்மைதான். நேற்று அலைக்கழித்த அலுவலகத்தை இன்று கைப்பேசியிலேயே முடித்துக்கொண்டவருக்கு இந்தக் கருவிகளின் அருமை தெரியும். ஆனால் மனிதரின் பாரபட்சத்துக்கு எதிராக எழுபது ஆண்டுகளாக வழி கண்டிருக்கிறோம்: மேல்முறையீடு, வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரும் மனு, தகவல் உரிமைச் சட்டம், ரிட் மனு. கணினி கற்றது அதே மனிதர்களின் பழைய பதிவுகளிலிருந்து. பாரபட்சம் அதில் ஊறியிருக்கும். எதிர்க்க வழிதான் இருக்காது. வேகம் வேண்டும் என்றால் கணினி தரட்டும். சந்தேகத்துக்குரியவர் பட்டியலையும் தரட்டும். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவரின் சோறும் சம்பளமும் நிற்கக் கூடாது.

மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டுதல்கள், இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்ற நிலையையே எடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நலத்திட்டத் தகுதியைத் தீர்மானிக்கும் முறைகளை அது உயர் ஆபத்து வகையில் வைக்கிறது. நாம் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, அறநெறிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பொதுமக்களைத் தொடும் எந்த முறையையும் வெளியிடும் முன் வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, நேர்மை ஆகியவற்றுக்காக மதிப்பிட வேண்டும் என்றது அது. நல்ல எண்ணம், ஆனால் அதைக் காட்டி யாரும் நீதிமன்றம் போக முடியாது.

மாநில அரசுகள் தங்கள் துறைகளுக்கு, நிர்வாக அதிகாரம் தரும் பிரிவு 162-ன் கீழ் ஓர் அரசாணை போடலாம். ரேஷன், ஓய்வூதியம், பட்டா, உதவித்தொகை என எதையும் கணினியின் கண்டுபிடிப்பை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது. நிறுத்தும் முன் எழுத்தில் காரணம் சொல்லி, பெயர் தெரிந்த ஓர் அதிகாரி நேரில் கேட்க வேண்டும். பயன்படுத்தும் முறைகளின் பட்டியலைத் துறை வெளியிட வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் தன் நீதிபதிகளுக்குச் சொன்னதைக் கேரள அரசு தன் தாசில்தார்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாடும் சொல்ல வேண்டும்.

அந்த ஆணை வரும்வரை படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவரின் அட்டையோ ஓய்வூதியமோ காரணமின்றி நின்றால், கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுகிறது என்ற பதிலோடு திரும்பாதீர்கள். முடிவெடுத்த அதிகாரி யார், எந்தப் பதிவின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அவர்கள் உதவ வேண்டும். அது 1987-ம் ஆண்டின் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த கடமை.